அமைதியா கிடந்த கண்ட ஓரம் எப்போ கலைஞ்சுதுன்னு பாறை அடுக்கை வச்சே கண்டுபிடிக்கிறது எப்படி

மலை எப்படி வந்துச்சுன்னு தெரியணும்னா எல்லாரும் நேரா மலைக்குத்தான் போறாங்க. ஆனா ஒரு கண்டத்தோட ஓரம் எந்தக் காலத்துல அமைதியை விட்டுட்டு டெக்டானிக் சண்டைக்குள்ள, அதாவது பூமியோட மேலோட்டுத் தட்டுகள் (பிளேட்) மோதிக்கற சண்டைக்குள்ள போச்சுன்னு தேதி வேணும்னா மலை அவ்வளவு உதவாது, அங்க எல்லாமே மடங்கி நசுங்கி சூட்டுல வெந்து பாதி விஷயம் அழிஞ்சு போயிருக்கும். மலைலேர்ந்து தள்ளி, கிடைமட்டமா, பாக்கவே போரடிக்கிற மாதிரி படுத்துக் கிடக்குற சுண்ணாம்புக்கல்லும், சேறு இறுகி ஏடு ஏடா ஆன ஷேல் பாறையும்தான் அந்தத் தேதியை பத்திரமா வச்சிருக்கும். இந்த கைடு முழுக்க அந்த போரிங் அடுக்குகளை கீழேர்ந்து மேல வரிசையா படிக்கறது பத்திதான்.

முதல்ல பாசிவ் மார்ஜின், ஆக்டிவ் மார்ஜின் ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு ஒரு தடவை பாத்துடலாம். கண்டமும் பக்கத்துல இருக்கற கடல்தரையும் ஒரே பிளேட்ல ஒட்டி இருந்தா அது பாசிவ், அங்க பெரிய பூகம்பமோ எரிமலையோ வழக்கமா கிடையாது, ஆறு கொண்டு வந்து கொட்டற மண்ணும் கடல்ல வளர்ற சுண்ணாம்பும் அமைதியா சேர்ந்துக்கிட்டே இருக்கும். நம்ம சோழமண்டலக் கடற்கரை அந்த ரகம்தான், இந்தியா அண்டார்டிகாவை விட்டுப் பிரிஞ்சப்போ உருவான ஓரம். அரியலூர்ல சிமெண்டுக்கு வெட்டற சுண்ணாம்புக்கல் அந்த ஓரத்துல பின்னாடி சேர்ந்த சரக்கு. 2004 சுனாமி நம்ம ஓரத்துலேர்ந்து கிளம்பல, வங்கக்கடலுக்கு அந்தப் பக்கம் சுமாத்ரா கிட்ட ஒரு பிளேட் இன்னொண்ணுக்கு அடியில போற அகழிலேர்ந்து வந்துச்சு, அதுதான் ஆக்டிவ் மார்ஜின்.

இதுல நிறைய பேரு நினைக்கறது என்னன்னா, பாசிவ் ஓரத்துக்குப் பக்கத்துல இருக்கற கடல்தரை வயசாகி குளிர்ந்து கனமாகி ஒரு நாள் தானா உடைஞ்சு கீழ இறங்கும், அப்போ ஓரம் ஆக்டிவா மாறும்னு. கேக்க நல்லா இருக்கு, ஆனா வயசான கடல்தரை கனமாகற அதே நேரத்துல தடிமனாவும் உறுதியாவும் ஆயிடுது, அதனால சும்மா ஒடிஞ்சுடாது. அட்லாண்டிக் ஓரத்துல 18 கோடி வருஷ வயசுள்ள கடல்தரை இன்னும் அப்படியேதான் ஒட்டிக்கிட்டு இருக்கு. பழைய ஓரங்கள்ல பெரும்பாலானது செத்தது வேற விதமா: எங்கேயோ நடுக்கடல்ல ஒரு எரிமலைத் தீவு வரிசையும் அதுக்கு முன்னாடி ஒரு அகழியும் இருக்கும், நடுவுல இருக்கற கடல்தரையை அந்த அகழி கொஞ்சம் கொஞ்சமா விழுங்கும், கடைசில கடல்தரைக்குப் பின்னாடியே ஒட்டிக்கிட்டு வர்ற கண்டத்தோட ஓரம் அகழி வாயில வந்து சிக்கும். ஓரம் தானா முழிச்சுக்கல, இழுத்துக்கிட்டுப் போய் சிக்க வச்சுட்டாங்க, அவ்வளவுதான். இதை மனசுல வச்சுக்கிட்டா கீழ வர்ற ஒவ்வொரு அடையாளமும் ஏன் அந்த வரிசையில வருதுன்னு தானா புரியும்.

டுவைட் பிராட்லிங்கற புவியியலாளர் 2008ல உலகம் முழுக்க இருக்கற பழைய பாசிவ் ஓரங்களை எடுத்துக் கணக்குப் போட்டார். ஆயுள் தெரிஞ்ச 76 ஓரங்களோட சராசரி ஆயுள் சுமார் 18 கோடி வருஷம்னு வந்துச்சு. நாம எடுத்துக்கப் போற உதாரணம் அதுல பாதி கூட வாழல.

உதாரணம் அமெரிக்காவுல நியூயார்க் மாநிலம், மோஹாக் ஆத்துப் பள்ளத்தாக்கு. மேற்க யூட்டிகாவுலேர்ந்து கிழக்க ஆல்பனி, ஹட்சன் ஆறு வரைக்கும், அதுக்கும் கிழக்க டகோனிக் மலைகள். இந்த இடத்தை எடுத்ததுக்கு காரணம், அமைதியா இருந்த காலத்துலேர்ந்து மோதல் வரைக்கும் எல்லாக் கட்டமும் ஒரு நாள் கார் பயணத்துல பாத்துடலாம், 150 வருஷத்துக்கு மேல ஆளுங்க மாத்தி மாத்தி அளந்து எழுதி வச்சிருக்காங்க. கேம்ப்ரியன், ஆர்டோவிசியன் காலத்துல (சுமார் 54 கோடியிலேர்ந்து 44 கோடி வருஷத்துக்கு முன்னாடி) இந்த இடம் பூமத்திய ரேகைக்குத் தெற்க வெப்பக்கடல்ல இருந்துச்சு, அதனாலதான் இவ்வளவு சுண்ணாம்பு. ஓரத்துக்கு வெளிய இருந்த கடலுக்கு ஐயாபெட்டஸ்னு பேரு. திசை சொல்லும்போது இன்னைக்கு இருக்கற திசையைத்தான் சொல்றேன், அப்போ கண்டமே வேற மாதிரி திரும்பிக் கிடந்துச்சு.

நேர்ல போறவங்களுக்கு லென்ஸ், நீர்த்த ஹைட்ரோகுளோரிக் ஆசிட், காம்பஸ், டேப், நோட்டு போதும். போகாதவங்களுக்கு வழி இருக்கு: மேக்ரோஸ்ட்ராட் சைட்ல எந்த இடத்தைத் தொட்டாலும் அங்க என்ன அடுக்கு, என்ன வயசுன்னு இலவசமா வரும், பழைய பிளேட் இருப்பிடம் பாக்க ஜிபிளேட்ஸ் சாஃப்ட்வேர் இருக்கு, அதுவும் இலவசம். கூடவே சர்வதேச காலவரிசை சார்ட் ஒண்ணு டவுன்லோடு பண்ணி வச்சுக்குங்க, பழைய பேப்பர்கள்ல இருக்கற கால எல்லைகளோட வயசு இப்போ மாறியிருக்கும்.

அமைதிக் காலத்தை முதல்ல முடிங்க

மாற்றத்தைத் தேடறதுக்கு முன்னாடி மாறாம இருந்தப்போ எப்படி இருந்துச்சுன்னு தெரியணும், இதை ஸ்கிப் பண்ணிட்டு நேரா எரிமலைச் சாம்பல் தேடி ஓடறவங்க கடைசில எதுவும் நிரூபிக்க முடியாம நிப்பாங்க.

லிட்டில் ஃபால்ஸ் ஊர்ல 100 கோடி வருஷத்துக்கு மேல வயசான நைஸ் பாறை (சூட்டுலயும் அழுத்தத்துலயும் உருமாறின பாறை) வெளிய தெரியும். அது மேல நேரா லிட்டில் ஃபால்ஸ் டோலோஸ்டோன் (மெக்னீசியம் கலந்த சுண்ணாம்புப் பாறை) உட்கார்ந்திருக்கும், ஹெர்கிமர் டைமண்ட்னு விக்கறாங்களே ரெண்டு பக்கமும் கூரா இருக்கற குவார்ட்ஸ், அது இந்தப் பாறையோட பொந்துலேர்ந்துதான் வருது. அடிராண்டாக் மலையோட மத்த பக்கங்கள்ல நைஸ்க்கு மேல முதல்ல பாட்ஸ்டாம் மணற்கல் வரும், கிட்டத்தட்ட சுத்தமான குவார்ட்ஸ் மணல், கண்டத்துக்குள்ளேர்ந்து வந்தது. அதுக்கு மேல பீக்மன்டவுன் தொகுதி, முக்கால்வாசி டோலோஸ்டோன், ஆழமில்லாத தண்ணியில சேர்ந்தது. சரடோகா ஸ்பிரிங்ஸ் பக்கத்துல லெஸ்டர் பார்க்ல முட்டைகோஸை குறுக்க வெட்டின மாதிரி வட்ட வட்டமா ஸ்ட்ரோமடோலைட் தரை முழுக்க கிடக்கு, அது வெளிச்சம் படற ஆழத்துல நுண்ணுயிர்கள் கட்டினது. பாதுகாக்கப்பட்ட இடம், அங்க சுத்தியலை பையை விட்டே எடுக்காதீங்க.

இங்க குறிச்சுக்க வேண்டியது மூணு. தண்ணி ஆழம் கோடிக்கணக்கான வருஷமா கிட்டத்தட்ட மாறல, மணல் வந்த திசை மேற்கு, அதாவது கண்டத்துக்குள்ள. மூணாவதா, தரை இறங்கற வேகம் போகப் போக குறையுது. இந்த மூணாவதுதான் ரொம்ப முக்கியம். கண்டம் கிழிஞ்சப்போ அடியில சூடு ஏறியிருக்கும், அது ஆற ஆற தரை இறங்கும், ஆரம்பத்துல வேகமா, அப்புறம் மெதுவா. டான் மெக்கென்சி 1978ல இதுக்கு கணக்கு கொடுத்தார், சூடு ஆறற கால அளவு சுமார் 6 கோடி வருஷம். அதனால நல்ல பாசிவ் ஓரத்துக்கு வயசு ஒரு பக்கமும் ஆழம் ஒரு பக்கமும் போட்டு கோடு வரைஞ்சா முதல்ல செங்குத்தா விழுந்து அப்புறம் படுத்துக்கும்.

அந்தக் கோட்டை நீங்களே வரையலாம், ஸ்ப்ரெட்ஷீட் போதும். ஒவ்வொரு அடுக்கோட அடிப்பக்க வயசு, மேல்பக்க வயசு, தடிமன் மூணும் போடுங்க. ஷேல் பாறையா ஆகறதுக்கு முன்னாடி பாதிக்கு மேல தண்ணிதான் இருந்திருக்கும், அதனால ஷேல் தடிமனை பெருசாக்கணும், கெட்டியான சுண்ணாம்புக்கல்லுக்கு கம்மியா பெருசாக்குனா போதும். அடுத்தது தண்ணி ஆழத்தைச் சேருங்க. அப்புறம் மண்ணோட பாரத்தால மட்டும் இறங்கினதைக் கழிங்க, ஏன்னா 1 கிலோமீட்டர் டெக்டானிக் காரணத்தால இறங்கின பள்ளத்துல மண் நிரம்பினா அந்தப் பாரமே இழுத்து ரெண்டு மடங்குக்கு மேல தடிமன் சேரும். கழிச்சது போக மிஞ்சறதுதான் உண்மையான இறக்கம். ஸ்டெக்லரும் வாட்ஸும் 1978ல இதை நியூயார்க்குக்கு வெளிய இருக்கற இன்னைக்கு ஓரத்துல செஞ்சு காட்டினாங்க, அதே வித்தையை பழைய பாறைக்கும் போடலாம், பாண்டும் கோமின்ஸும் 1984ல அப்படித்தான் கேம்ப்ரியன் அடுக்குகளோட வளைவை பின்னாடி நீட்டி கண்டம் எப்போ கிழிஞ்சுதுன்னு கணக்குப் போட்டாங்க.

முதல் அடையாளம்: கீழ இறங்கறதுக்கு முன்னாடி மேல எழும்பும்

இதை எதிர்பாக்காததாலதான் பல பேரு மாற்றம் தொடங்கின இடத்தையே தாண்டிப் போயிடறாங்க. அகழி கிட்ட வரும்போது ஓரம் உடனே முழுகாது. தண்ணியில மிதக்கற நீளமான பலகையோட ஒரு முனையை கையால அழுத்தினா அந்த முனை முழுகும், கொஞ்சம் தள்ளி ஒரு இடம் லேசா மேல எழும்பும் பாருங்க, பிளேட்டும் அதைத்தான் செய்யுது. மோதற தீவு வரிசையோட பாரம் பிளேட் முனையை அழுத்த, நூறு இருநூறு கிலோமீட்டர் தள்ளி தரை கொஞ்சம் புடைக்கும். புடைப்பு பெருசு இல்ல, ஆனா ஓரம் ஏற்கனவே கடல் மட்டத்துக்கு சில மீட்டர் கீழதான் இருக்கு, அதனால அந்தப் புடைப்பே அதை தண்ணிக்கு வெளிய தூக்கிடும். மழை பட்டு சுண்ணாம்பு கரையும், குழி விழும், அரிச்சுப் போகும்.

அதனால தேட வேண்டியது ஒரு இடைவெளி. மோஹாக் பள்ளத்தாக்குல பீக்மன்டவுன் டோலோஸ்டோனுக்கும் அதுக்கு மேல வர்ற பிளாக் ரிவர், ட்ரென்டன் சுண்ணாம்புக்கல்லுக்கும் நடுவுல ஒண்ணு ரெண்டு கோடி வருஷத்துக்குக் குறையாம காணாம போயிருக்கு. கையால தொட்டுப் பாத்தா ஒரு கோடு மாதிரிதான் தெரியும். ஆசிட் வச்சா டக்குன்னு புரியும்: சுண்ணாம்புக்கல் நல்லா பொங்கும், டோலோஸ்டோன் சும்மா கிடக்கும், கத்தியால சுரண்டி பொடி ஆக்கினாதான் லேசா நுரைக்கும். ஆசிட் பொங்கறது மாறற இடத்துல கண்ணை வச்சுக்கிட்டு குழி, உடைஞ்ச கல் துண்டு, மேலேர்ந்து இறங்கின மணல் இருக்கான்னு பாருங்க. ராபர்ட் ஜேகோபி 1981ல இந்தப் புடைப்பு விளக்கத்தை இங்க பொருத்தினார்.

ஆனா ஜாக்கிரதை, அதே காலத்துல வட அமெரிக்கா முழுக்க கடல் மட்டம் இறங்கின அடையாளமும் இருக்கு, லாரன்ஸ் ஸ்லாஸ் 1963ல கண்டம் முழுக்கப் பிரிச்ச பெரிய தொகுதிகள்ல சாக் தொகுதி முடிஞ்சு டிப்பெகனோ தொகுதி தொடங்கற எல்லை இதுதான். அப்போ இது புடைப்பா, கடல் இறங்கினதா? ஒரு இடத்தை மட்டும் பாத்து சொல்லவே முடியாது. கடல் மட்டம் இறங்கினா எல்லா இடத்துலயும் சுமாரா ஒரே நேரத்துல, ஒரே மாதிரி அரிக்கும். புடைப்புன்னா அரிப்பு ஒரு பட்டையில அதிகமா இருக்கும், காலப்போக்குல அந்தப் பட்டை கண்டத்துக்குள்ள நகரும். அதனால மேற்கு கிழக்கா நாலஞ்சு இடமாவது எடுத்து ஒவ்வொண்ணுலயும் இடைவெளிக்குக் கீழ இருக்கற கடைசி அடுக்கோட வயசையும் மேல இருக்கற முதல் அடுக்கோட வயசையும் குறிச்சுப் பாருங்க. நியூயார்க்குல என் கணிப்பு ரெண்டும் கலந்ததுதான், ஏதாவது ஒண்ணுதான்னு அடிச்சுப் பேசறவங்களை நான் நம்பறதில்ல.

அப்புறம் முழுகும்

புடைப்பு கண்டத்துக்குள்ள நகர்ந்து போனதும் அதே இடம் இப்போ சரிவுக்கு வருது, வேகமா ஆழமாகுது. ஒரு இடத்துல நின்னு கீழேர்ந்து மேல படிச்சா வரிசை இப்படி வரும்: பிளாக் ரிவர் சுண்ணாம்புக்கல், ஆழமே இல்ல. அதுக்கு மேல ட்ரென்டன் சுண்ணாம்புக்கல், சிப்பி, பிரயோசோவா, ட்ரைலோபைட்னு கடல் உயிர்களோட படிமம் எல்லாம் நிறைய, ஆனா மேல போகப் போக அடுக்கு மெலிசாகி நடுவுல ஷேல் சேர ஆரம்பிக்கும். அப்புறம் டால்ஜ்வில், சுண்ணாம்புக்கல் ஒரு பட்டை கருப்பு ஷேல் ஒரு பட்டைன்னு மாறி மாறி. அதுக்கு மேல யூட்டிகா கருப்பு ஷேல், அடியில உயிர் வாழ ஆக்சிஜன் இல்லாத தண்ணி, கிராப்டோலைட்ங்கற பழங்கால மிதக்கும் உயிரோட படிமம் மட்டும் பென்சில் கோடு மாதிரி ஒட்டியிருக்கும். கடைசியா கிழக்குப் பக்கம் ஷெனெக்டடி, மேற்குப் பக்கம் ஃபிராங்ஃபர்ட், ரெண்டும் கிழக்கேர்ந்து வந்து விழுந்த அழுக்கு மணலும் களிமண்ணும்.

ட்ரென்டன் ஃபால்ஸ்ல வெஸ்ட் கனடா க்ரீக் வெட்டின பள்ளத்துல ஒரு விஷயம் நல்லா தெரியும்: நேரா இருக்கற ரெண்டு அடுக்குக்கு நடுவுல ஒரு அடுக்கு மட்டும் சுருண்டு மடங்கிக் கிடக்கும். மலை உருவாகறப்போ மடங்கியிருந்தா எல்லாமே மடங்கியிருக்கணும், இது ஈரமா இருக்கும்போதே சரிவுல வழுக்கினது, அதாவது தட்டையா இருந்த தரை இப்போ சாய ஆரம்பிச்சிருக்கு.

இந்தக் கட்டத்துல கட்டாயம் பாக்க வேண்டியது பிளவுகள். மோதல்னா நசுக்கற விசைதானே, ஆனா இங்க தரை இழுபட்டு ஒடிஞ்சிருக்கு, லிட்டில் ஃபால்ஸ் பிளவு மாதிரி நிறைய, நூறு மீட்டர் கணக்குல ஒரு பக்கம் இறங்கியிருக்கு. காரணம் எளிமை, வளையற பிளேட்டோட மேல்பக்கம் இழுபடும். பிராட்லியும் கிட்டும் 1991ல இதைத் தெளிவா எழுதினாங்க. பிளவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் யூட்டிகா ஷேல் தடிமனை அளந்து பாருங்க, இறங்கின பக்கம் அதிகமா இருந்தா ஷேல் சேரும்போதே பிளவு ஓடிக்கிட்டு இருந்திருக்கு, அப்போ பிளவுக்கு வயசு கிடைச்சுடும். தடிமன் ஒரே அளவுன்னா பிளவு பின்னாடி வந்தது. இன்னைக்கே நடக்கறதைப் பாக்கணும்னா ஆஸ்திரேலியாவோட வடமேற்கு ஓரம் தைமூர் கிட்ட அகழிக்குள்ள சிக்கிக்கிட்டு இருக்கு, அங்க கடலடியிலயும் இதே மாதிரி இழுபட்ட பிளவுகள்தான்.

இப்போ கருப்பு ஷேல் பத்தி ஒரு எச்சரிக்கை. கருப்பு ஷேலைப் பாத்ததும் ஆச்சு, ஓரம் முழுகிடுச்சுன்னு முடிவு கட்டாதீங்க. நம்ம பெருமாள் கோயில்கள்லயும் வீட்டுப் பூஜையிலயும் வைக்கற சாளக்கிராமம் இமயமலையில கண்டகி ஆத்துலேர்ந்து வர்றது, உள்ள சுருள் சுருளா இருக்கறது அம்மோனைட். அது ஸ்பிதி ஷேல்ங்கற கருப்பு ஷேல் வகையறாலேர்ந்து வருது, ஜுராசிக் கடைசில தொடங்கி சேர்ந்தது. இந்தியாவோட வடக்கு ஓரம் ஆசியா கூட மோத ஆரம்பிச்சது 6 கோடியிலேர்ந்து 5 கோடி வருஷத்துக்கு முன்னாடி, அதாவது அந்தக் கருப்பு ஷேல் சேர்ந்து பல கோடி வருஷம் கழிச்சு. அப்போ அந்த ஓரம் சுத்தமான பாசிவ் ஓரம். கருப்பு நிறம் ஆக்சிஜன் இல்லாத தண்ணியைத்தான் சொல்லும், டெக்டானிக்ஸ் பத்தி தனியா ஒண்ணும் சொல்லாது. கூடவே இறங்கற வேகமும் கூடியிருக்கணும், மண் வர்ற திசையும் மாறியிருக்கணும்.

வேகம் கூடறதை முன்னாடி சொன்ன ஸ்ப்ரெட்ஷீட்லயே பாக்கலாம். படுத்துக்கிட்டு இருந்த கோடு திடீர்னு மறுபடி கீழ குனிய ஆரம்பிக்கும், அதுவும் போகப் போக வேகமா, பாசிவ் காலத்து வளைவுக்கு நேர் எதிர். எனக்குக் கேட்டா மத்த எல்லா அடையாளத்தையும் விட இந்த முறிவுதான் நம்பகமானது, ஏன்னா நிறத்தையும் உயிரினத்தையும் தட்பவெப்பம் மாத்தும், பல நூறு மீட்டர் இறக்கத்தை தட்பவெப்பம் கொண்டு வராது.

சாம்பல்

ட்ரென்டன், யூட்டிகா அடுக்குகளுக்கு நடுவுல சில சென்டிமீட்டர் தடிமன்ல வெளிர் நிறக் களிமண் பட்டைகள் வரும். பாறைச் சுவர்ல அந்த இடம் மட்டும் உள்ள போயிருக்கும், ஈரமா இருந்தா சோப்பு மாதிரி வழவழன்னு இருக்கும், லென்ஸ்ல பளபளன்னு பயோடைட் (கருப்பு மைக்கா) செதில் தெரியலாம். இதுதான் கே-பென்டோனைட், எரிமலைச் சாம்பல் மக்கி களிமண்ணானது. மார்ஷல் கே 1935லேயே இதெல்லாம் சாம்பல்னு தேடித் தேடி எழுதி வச்சார். இதுல இருக்கற ஜிர்கான்ங்கற சின்னச் சின்னப் படிகத்தை எடுத்து யுரேனியம்-ஈயம் முறையில லேப்ல வயசு பாக்கலாம், 45 கோடி வருஷத்துப் பாறைக்கு சில லட்சம் வருஷத் துல்லியத்துல தேதி கிடைக்கறது இதுல மட்டும்தான்.

இந்தக் காலத்துச் சாம்பல்ல பெரிய தலைகள் டீக்கே, மில்பிரிக். சுமார் 45.3லேர்ந்து 45.4 கோடி வருஷத்துக்கு முன்னாடி விழுந்தது. மில்பிரிக் தெற்கு அப்பலாச்சியன் பக்கம் போகப் போக தடிமனாகுது, வட அமெரிக்கா நடுவுல மிசிசிப்பி ஆத்துப் பக்கம் வரைக்கும் பரவிக் கிடக்கு, ஒரே வெடிப்புல 1000 கன கிலோமீட்டருக்கு மேல மாக்மா வெளிய வந்திருக்கணும்னு ஹஃப், பெர்க்ஸ்ட்ரோம், கொலாட்டா 1992ல கணக்கு சொன்னாங்க. ஆனா இதுலயே பொறி இருக்கு: இவ்வளவு தூரம் பறக்கற சாம்பல் உங்க ஓரத்துல விழுந்தா, காத்து வர்ற பக்கம் எங்கேயோ ஒரு எரிமலை இருந்துச்சுன்னு மட்டும்தான் அர்த்தம். மோதல் நடந்துச்சுன்னு சாம்பல் சாட்சி சொல்லாது.

சாம்பலோட நிஜமான உபயோகம் வேற. ஒரு சாம்பல் பட்டை ஒரே சமயத்துல எல்லா இடத்துலயும் விழுது. அதை மேற்க ட்ரென்டன் சுண்ணாம்புக்கல்லுக்குள்ள கண்டுபிடிச்சு, கிழக்க அதே பட்டையை கருப்பு ஷேலுக்குள்ள கண்டுபிடிச்சா, மேற்க இன்னும் ஆழமில்லாத சுண்ணாம்புக்கடலா இருந்த அதே நாள் கிழக்க ஏற்கனவே முழுகிடுச்சுன்னு நிரூபணம். மோஹாக் பள்ளத்தாக்குல நடந்தது அதேதான், சுண்ணாம்பு ஷேலா மாறற எல்லை மேற்க போகப் போக இளசாகுது. ரெண்டு இடத்துக்கு நடுவுல தூரத்தை வயசு வித்தியாசத்தால வகுத்தா பிளேட் அகழியை நோக்கிப் போன வேகமே கையில வரும், வருஷத்துக்கு சென்டிமீட்டர் கணக்குல வந்தா நியாயமான விடை, மீட்டர் கணக்குல வந்தா பட்டையை மாத்திப் பொருத்திட்டீங்கன்னு அர்த்தம்.

மண் எங்கேர்ந்து வந்துச்சு

கிழக்கேர்ந்து மண் வர ஆரம்பிக்கறதுதான் கடைசி உறுதி. அதுவரைக்கும் கிழக்க வெறும் கடல், கடல்லேர்ந்து மணல் வராது, வந்தா அங்க புதுசா நிலம் எழும்பியிருக்கு. ஷெனெக்டடி மாதிரி மணற்கல்லோட அடிப்பக்கத்துல நாக்கு மாதிரி நீண்ட குழி வார்ப்புகள் இருக்கும், கூரா குமிழா இருக்கற பக்கம் நீரோட்டம் வந்த பக்கம், அகலமாகி மங்கற பக்கம் போன பக்கம். நிறைய அளந்து எடுங்க, ஒண்ணு ரெண்டு போதாது. இன்னொரு சிக்கல், ஆழமான பள்ளத்துக்குள்ள இறங்கின நீரோட்டம் திரும்பி பள்ளத்தோட நீளவாக்குலயே ஓடும், அதனால எல்லாமே மலைலேர்ந்து நேரா மேற்க காட்டும்னு எதிர்பாக்காதீங்க.

மணலுக்குள்ள என்ன இருக்குன்னு பாக்கறது இன்னும் சுவாரசியம். பாட்ஸ்டாம் மணல் சுத்தமான குவார்ட்ஸ், இது அழுக்கு மணல், பாறைத் துண்டு, களிமண், ஸ்லேட் துணுக்கு எல்லாம் கலந்திருக்கும். ஜிர்கான் வயசு போட்டா இங்க ஏமாற வாய்ப்பு இருக்கு, டகோனிக் மணல்லயும் (இந்த மோதலுக்கே டகோனிக்னுதான் பேரு) பெரும்பாலும் 100 கோடி வருஷத்து ஜிர்கான்தான் வரும், ஏன்னா தூக்கி எறியப்பட்டதே பழைய ஓரத்தோட சொந்த மண்ணுதான், அது மறுபடி அரிச்சு வருது. ஆர்டோவிசியன் ஜிர்கான் கொஞ்சம்தான். அதுக்குப் பதிலா குரோமைட்டை, அதாவது குரோமியம் இருக்கற கனிமத்தைத் தேடுங்க. கண்டத்துக்குள்ளேர்ந்து குரோமைட் இவ்வளவு வராது, மேலே ஏறி வந்த கடல்தரைப் பாறைலேர்ந்து வரும். கியூபெக்ல டூரெல் மணற்கல்லுல ஹிஸ்காட் இதைக் காட்டினார், நியூயார்க் பக்கம் ஷேல்ல குரோமியமும் நிக்கலும் அதிகமா இருக்கறதும் அதே கதைதான். அப்படி ஏறின கடல்தரை எப்படி இருக்கும்னு பாக்க ஆசைன்னா நியூஃபவுண்ட்லாண்ட்ல கிரோஸ் மோர்ன் பூங்கா, டேபிள்லேண்ட்ஸ்னு ஒரு துருப்பிடிச்ச மொட்டை மலை, பூமியோட மேலோட்டுக்கு அடியில இருக்கற மேன்டில் பாறையே வெளிய உட்கார்ந்திருக்கு. 1987லேயே யுனெஸ்கோ பட்டியல்ல ஏத்திட்டாங்க.

கிழக்க இன்னும் போனா டகோனிக் மலையில ஸ்லேட் வரும், கிரான்வில் ஊர்ல சிவப்பு ஸ்லேட் வெட்டறாங்க. இதெல்லாம் ஆழ்கடல் சேறு, வயசு பாத்தா அடியில இருக்கற ஆழமில்லாத சுண்ணாம்புக்கல்லோட அதே கேம்ப்ரியன், ஆர்டோவிசியன் வயசு. ஒரே வயசுள்ள ஆழ்கடல் சேறு ஆழமில்லாத கடல் மேல எப்படி உட்காரும், கிழக்க இருந்ததை அப்படியே தள்ளிக் கொண்டு வந்து ஏத்தினாதான் உண்டு. 1840கள்ல எபனேசர் எம்மன்ஸ் இந்தப் பாறைகளுக்கு டகோனிக் சிஸ்டம்னு தனிக் காலமே ஒதுக்கினார், அதுல தொடங்கின சண்டை பல பத்து வருஷம் ஓடுச்சு, பாவம் அவங்ககிட்ட பிளேட் டெக்டானிக்ஸ் கிடையாது. டூசோ வில்சன் 1966ல அட்லாண்டிக் ஒரு தடவை மூடி மறுபடி திறந்துச்சான்னு கேட்டதுக்கு அப்புறம்தான் இதெல்லாம் ஒரு சட்டத்துக்குள்ள வந்துச்சு.

எந்த வகை மாற்றம்னு பிரிக்கறது

இவ்வளவும் முடிச்சாச்சு, இப்போ கேள்வி: தீவு வரிசை வந்து மோதுச்சா, இல்ல கண்டத்துக்கு அடியிலேயே கடல்தரை இறங்க ஆரம்பிச்சுதா? பழைய சுண்ணாம்புத்திட்டுக்குள்ள அதே வயசுள்ள கிரானைட் ஊடுருவி இருக்கான்னு பாருங்க. மோஹாக் பக்கம் இல்லவே இல்ல, சாம்பல் மட்டும் தூரத்துலேர்ந்து வந்து விழுது, அப்போ இந்த ஓரம் கீழ போன பிளேட். கலிஃபோர்னியாவுல சியரா நெவாடா மாதிரி கண்டத்தோட சொந்த ஓரத்துலயே கிரானைட் மலை மலையா இருந்தா கண்டம் மேல இருந்த பிளேட், அது உண்மையான ஆண்டீஸ் வகை. ஒண்ணு முடிஞ்சு இன்னொண்ணு தொடங்கறதும் உண்டு, மோதல் அடைச்சுக்கிட்டதும் அகழி பக்கம் மாறி கண்டத்துக்கு அடியில இறங்க ஆரம்பிக்கும். நியூ இங்கிலாந்துல டகோனிக் மோதலுக்கு நடுவுலயே அப்படி பக்கம் மாறிச்சுன்னு சொல்றவங்க இருக்காங்க, எந்தத் தீவு வரிசை எப்போ மோதுச்சுங்கறதுல விவாதம் இன்னும் ஓடுது.

முடிவு எல்லையும் மறக்காம கட்டுங்க. ஹட்சனுக்கு மேற்க ஷாவங்கங்க் மலைமுகட்டுல, பாறை ஏறறவங்க கங்க்ஸ்னு செல்லமா சொல்ற இடம், மார்டின்ஸ்பர்க் ஷேல் மடங்கி அரிச்சுப் போனதுக்கு மேல ஆர்டோவிசியனுக்கு அடுத்த சிலூரியன் காலத்து வெள்ளைக் கூழாங்கல் பாறை சாய்வா உட்கார்ந்திருக்கும். அடியில இருக்கறது மோதலைப் பாத்தது, மேல இருக்கறது பாக்காதது, அப்போ மோதல் அதுக்குள்ள அடங்கியாச்சு.

கடைசில ரிப்போர்ட்ல தேதி எழுதும்போது ஒத்தைத் தேதி எழுதாதீங்க. ஓரத்தோட எந்த இடத்துல, எந்த அடையாளத்துக்கு, எந்த வயசுன்னு மூணையும் சேர்த்து எழுதுங்க: இடைவெளியோட வயசு, கோடு முறிஞ்ச வயசு, கிழக்கு மண் முதல்ல வந்த வயசு தனித்தனி. நியூயார்க்குல இதெல்லாம் 47 கோடிக்கும் 45 கோடிக்கும் நடுவுல பரவிக் கிடக்கு, கிழக்க முன்னாடி, மேற்க பின்னாடி. இன்னொரு ஓரத்துல பயிற்சி எடுக்கணும்னா ஓமன் எடுங்க, கிரெட்டேஷியஸ் சுண்ணாம்புத்திட்டு, அதோட தலையில அரிப்பு, அதுக்கு மேல முட்டி ஷேல், எல்லாத்துக்கும் மேல 9.5 கோடி வருஷத்து செமாயில் கடல்தரைன்னு வரிசை அப்படியே வரும், பாலைவனம்ங்கறதால மரம் மட்டை எதுவும் மறைக்காது.